பார்மரில் மழையே பெய்யாதா?

அண்ணே, ராஜஸ்தானின் பார்மரில் ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த நம்ம கடலூர்க்காரர்கள் பழைய கதை பேசும்போது, "பார்மர் பாலைவனம், அங்கே மழையே பெய்யாது, வெள்ளம்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லியிருக்கிறீர்கள். மணல் புயல், தண்ணீர் லாரி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. இது மட்டும் தப்பு.

மழை குறைவுதான், ஆனால் உண்டு. நமக்கு ஐப்பசி, கார்த்திகை என்றால் அவர்களுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. 2006 ஆகஸ்டில் ஒரு வருட மழையைவிட அதிகமாகச் சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்தது. கவாஸ் கிராமமே மூழ்கியது. மாவட்டத்தில் ஏராளமானோர் இறந்தார்கள். மணல் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்றுதானே நினைப்போம்? அங்கே மணலுக்கு அடியில் ஜிப்சம் என்ற கனிமப் படிவு. தண்ணீர் கீழே இறங்கவில்லை, வாரக்கணக்கில் அப்படியே தேங்கி நின்றது. 2015 வெள்ளத்தில் நாம் பட்ட பாடு கொஞ்சமில்லை, ஆனாலும் நமக்கு வடிய கடல் இருந்தது. அவர்களுக்கு அதுவும் இல்லை. மீட்புக்கு ராணுவமும் விமானப்படையும் இறங்க வேண்டியதாயிற்று.

அப்புறம், "வருஷம் பூரா வெயில்" என்பதும் அப்படித்தான். ஜனவரி ராத்திரியில் அங்கே ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.