தம்பி, நீங்கள் நின்றது கண்மாய்க்குள்ளே

ஒரு தம்பி கேமராவோடு ஒரு கிராமத்துக்குப் போய், ஆளே இல்லாத காடு என்று சுற்றிக் காட்டுகிற வீடியோ அது; இதுவரை ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். "உங்க ஊருதானே?" என்று ஒரு கேள்வி, கூடவே கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற பொம்மை. ஆமாம், எங்கள் ஊர்தான். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர்ப் பக்கம். நாற்பது வீடு, அதில் பாதி பூட்டிக் கிடக்கிறது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பி நடுவில் நின்று கையை விரித்து, "சுத்திலும் காடு, ஒரு ஆள் இல்ல, ஒரு வரலாறு இல்ல" என்கிறாரே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

தம்பி, அது காடு இல்லை. நீங்கள் நின்றது எங்கள் கண்மாய்க்குள்ளே, மழைத் தண்ணீரைத் தேக்கி வைக்கிற ஏரிக்குள்ளே.

உங்களுக்குப் பின்னால் வளைந்து போன மேடு, எங்கள் ஆட்கள் மண் சுமந்து போட்ட கரை. நீங்கள் உட்கார்ந்து காலாட்டிய கல்வரிசைக்குப் பெயர் கலுங்கு. கண்மாய் பெருகினால் மிச்சத் தண்ணீர் அது வழியாக அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு. எங்கள் மாவட்டத்தின் பூகோளமே இந்தச் சங்கிலிதான். வைகையே கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால் தை மாதம் அறுப்பு, இல்லையென்றால் இல்லை. அதனால்தான் பாண்டியர் காலத்திலேயே இந்த மண்ணில் கரை போட ஆரம்பித்துவிட்டார்கள். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத கண்மாயாம். அதுவும் எங்கள் மாவட்டம்தான். வரலாறு இல்லையாம்!

சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவை சரணாலயங்கள். 2022இல் இரண்டையும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கிருந்தோ வருகிற பறவைக்குக் கண்மாய் தெரிகிறது. காரில் வந்தவருக்குத் தெரியவில்லை. ட்ரோனில் சிவப்பாகத் தெரிந்ததைச் 'செம்மண்' என்றாரே, அது களத்தில் காய்ந்துகொண்டிருந்த முண்டு மிளகாய். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சரி, விடுங்கள்.

என் அப்பத்தாவுக்குத் தேதி, வருஷமெல்லாம் தெரியாது. "கண்மாய் நெறஞ்சு மறுகால் போன வருஷம் உங்கப்பன் பொறந்தான். கரை உடைஞ்ச வருஷம் உன் அத்தையக் கட்டிக் குடுத்தோம்" என்றுதான் சொல்லும். அத்தைக்கு இன்றைக்கும் பிறந்த தேதி தெரியாது. கரை எந்த இடத்தில் உடைந்தது என்று மட்டும் கை காட்டும்.

"கண்மாய்னா ஏன் அவ்வளவு சீமைக் கருவேல மரம்? நீங்க ஒழுங்கா வச்சிருந்தா அவர் ஏன் காடுன்னு சொல்லப்போறார்?" என்று ஒருவர் கேட்பார். கேட்கலாம். அந்த மரம் எங்கள் மரமே இல்லை, கடல் தாண்டி வந்தது. அரசாங்கமே விதை தூவியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்ற காசில்தான் நான் கல்லூரி படித்தேன். அப்பாவின் நகக்கண்ணில் அந்தக் கறுப்பு எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அந்த மரத்தைத் திட்டவேண்டிய இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. இதற்கு மேல் என்ன பதில் சொல்ல?

அடுத்து வரப்போவதும் தெரியும். "அவ்வளவு பாசம்னா நீ ஏன் சென்னையில இருக்க?" இதற்கு நான் பதில் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். வேலை அங்கே இல்லை. 1985இல் பழைய ராமநாதபுரத்தை மூன்றாகப் பிரித்தார்கள். விருதுநகர் ஒரு பக்கம் போனது, சிவகங்கை ஒரு பக்கம் போனது. எங்கள் பங்குக்கு வந்தது கடலும் கடைமடையும். அப்புறம் 'தண்ணியில்லாக் காடு' என்று ஒரு பட்டப்பெயர். அதிகாரிக்குக் கோபம் வந்தால் கீழே இருப்பவரை மாற்றிவிடுவதாக மிரட்டுகிற ஊர். நீங்கள் சிரிக்கிற ஜோக் இது. எங்களுக்குக் கணக்கு எடுக்க அப்படி மாற்றலாகி ஒரு வாத்தியார் வந்தார். தினமும் கரும்பலகை ஓரத்தில் ஒரு கோடு போடுவார், இங்கே வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று. "என்ன பாவம் பண்ணேனோ" என்று எங்கள் காதுபடவே சொல்வார். அவருக்கு அது தண்டனை, சரி. அங்கேயே பிறந்த நாங்கள் என்ன தப்பு செய்தோம்? பத்து வயதில் கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன், அவர் இருக்கிற இடம் தெரியவில்லை.

நேற்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். வீடியோ பற்றிப் பேச்செடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "கேமராவோட ஒரு பையன் வந்தாம்ப்பா. வெயில்ல சோர்ந்துபோய் நின்னான். குடத்துல இருந்து ரெண்டு செம்பு மோந்து குடுத்தேன். நல்ல பையன்."

ஒரு ஆள் இல்லையாம்.

அப்பாவிடம் இருப்பது பட்டன் போன். "அதுல நான் தெரியுறேனா?" என்று கேட்டார்.

ஓரமாகத் தெரிகிறீர்கள் என்று சொன்னேன்.