முற்றத்தை ஏன்யா மூடுறீங்க?

பத்தடிக்குப் பத்தடி இடம் சும்மா கிடந்தால் நம்ம ஆட்களுக்கு ஏன் இப்படிக் கை துறுதுறுக்குது? நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா என்கிற முன்தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், இரண்டாங்கட்டு என்று போனால் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். முதலில் கை வைக்கிறது அதில்தான். மேலே தகர ஷீட்டைப் போட்டாச்சு. கேட்டால் தூசி வருது, குரங்கு வருது. சூடான காற்று மேலேறி வெளியே போக இருந்த வழியே அதுதானே! அதை அடைத்துவிட்டு, வீடு வேகுதுன்னு ஏசி வாங்குறாங்க. சுண்ணாம்புச் சுவரில் வெயிலும் படாது, காற்றும் படாது. ஈரம் ஏறி, காரை பொரிந்து உதிரும். ஐப்பசி மழைக்கு ஷீட்டும் சுவரும் சேருகிற இடத்தில் ஒழுகும். சிமெண்ட் வைத்துப் பூசுவார்கள். வெயிலில் தகரம் நீளும், ராத்திரி சுருங்கும், பூச்சு வெடித்துவிடும். அடுத்த வருஷமும் அதே வாளி, அதே ஒழுக்கு.

திண்ணையை இடித்துக் கடை. மொட்டைமாடி நிறைய உடைந்த கட்டிலும் பழைய டயரும். ஒரு மனுஷன் தனியா உட்கார எங்கே போவான்? தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைக்கா? அங்கே படியில் ஒருத்தன் செல்போனில் பாட்டை அலறவிடுவான். பத்து நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும், "என்னல, உடம்புக்கு முடியலையா?"

பெண்கள் பாடு இன்னும் மோசம். எல்லாரும் வெளியே போனபிறகு முற்றத்து விளிம்பில் கால் நீட்டி, தலை உலர்த்துகிற அரைமணி நேரம்தான் அவங்களுக்குன்னு இருந்தது. அந்த இடத்தில் வாஷிங் மெஷினைக் கொண்டு வைத்திருக்காங்க. அதை வைக்க வேற மூலையே கிடைக்கலையா?