முளைப்பயறு ஆய்ந்த கலை

பெண் கலைஞர்கள் கூடிச் செய்யும் படைப்பில் எது யாருடைய கைவண்ணம் என்று தெரிவதில்லை என நான் படித்த ஒரு கட்டுரையை எழுதியவர் குறைபட்டுக்கொள்கிறார். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நம்மூர் சிங்கப்பூரின் நிகழ்த்துகலைஞர் அமாண்டா ஹெங் 1996இல் தொடங்கிய 'லெட்ஸ் சாட்' நிகழ்வில், வந்தவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் குடித்தபடி முளைப்பயற்றின் வாலைக் கிள்ளினார்கள். பேச்சுதான் படைப்பு. 1999இல் பெண் கலைஞர்களை ஒரு குழுவாகத் திரட்டியவரும் அவர்தான்.

ஈசூன் வட்டாரத்து எங்கள் வீட்டில் என் அம்மாவும், 'மக்சிக்' என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அத்தையும் பழைய நாளிதழை விரித்து முருங்கைக்கீரை ஆய்வார்கள். பாதிக் கீரை தரையில் விழும். பாதிக் கதை எங்கள் காதில் விழும். அதில் யார் கையெழுத்துப் போட்டார்கள்? அப்பா மட்டும் அந்தப் பக்கம் வரவே மாட்டார். சமைத்த பிறகு வருவார்.