சக்தி போகிறது என்பது வெறும் பயம்

போட்டிக்கு முந்தைய இரவு உடலுறவு கொண்டால் கால் வலு போய்விடும் என்று பயிற்சியாளர்கள் சொல்வதாக ஒரு கட்டுரையில் படித்தேன், ஆனால் அது சரியா என்று அந்தக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. இதை உடலில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2000இல் வெளியான ஒரு சுவிஸ் ஆய்வில் 15 விளையாட்டு வீரர்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்துச் சோதித்தார்கள். அவர்களால் எட்ட முடிந்த உச்ச வேலைத்திறன் குறையவில்லை. உறவு கொண்டு இரண்டு மணி நேரத்தில் மிதித்தவர்களுக்கு மட்டும், ஓய்ந்த பிறகு இதயத்துடிப்பு இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. பத்து மணி நேரம் கழித்து அந்த வித்தியாசமும் இல்லை. அப்புறம் முந்தைய இரவைப் பற்றி என்ன கவலை? தூக்கம் கெட்டால், குடித்தால் மறுநாள் ஆட்டம் கெடும், அது வேறு விஷயம்.

இந்த மாதிரி ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை வைத்தே நடந்தவை, வீராங்கனைகளை யாரும் அதிகம் கேட்கவில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

என்னை உறுத்துவது நம் பையன்கள்தான். 'விந்து விட்டான் நொந்து கெட்டான்' என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்து, தூக்கத்தில் இயல்பாக வெளியேறுவதற்குக்கூடப் பயந்து, கபடி களத்தில் தோற்றால் அதுதான் காரணம் என்று உள்ளுக்குள் குமைகிறார்கள். அந்தப் பயத்தை வைத்து லேகியம் விற்கும் வைத்தியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளி விளையாட்டு ஆசிரியர்கள் இதைப் பையன்களிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும்.