ஹாலன்பெர்க் நிலையத்தையும் சேர்த்திருக்கலாம்

அமெரிக்காவில் குதிரை மாற்றி மாற்றித் தபால் கொண்டுபோன போனி எக்ஸ்பிரஸ் பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் குதிரைவீரர்களின் வேகத்தை அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வேகத்தைச் சாத்தியமாக்கியவை வழிநெடுக இருந்த குதிரை மாற்றும் நிலையங்கள்தானே? கான்சாஸ் மாநிலத்தில் ஹனோவர் ஊருக்கு அருகே ஹாலன்பெர்க் நிலையம் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது. கெராட் ஹாலன்பெர்க் 1857-58-ல் கட்டிய நீளமான மரவீடு. கீழே குடும்பம், மளிகைக் கடை, சாப்பாடு. மேலே பரணில் ஆட்கள் படுப்பார்கள். பயணிகள் கோச் வண்டியும் அங்கே நின்று போகும்.

வந்த குதிரையிலிருந்து தபால் பைகள் தைத்த தோல்விரிப்பை உருவி, அடுத்த குதிரையின் சேணத்தின்மேல் போட வேண்டும். அதற்கு ஒதுக்கிய நேரம் இரண்டே நிமிடம்! 1861 அக்டோபரில் தந்திக்கம்பி கண்டத்தைத் தாண்டியதும் அந்தத் தபால் நின்றுபோனது. ஓடியது சுமார் 18 மாதம்தான். கட்டடத்தை 1941-ல் கான்சாஸ் அரசு வாங்கிக் காப்பாற்றியது பெரிய காரியம். அடுத்த கட்டுரையில் இதை விரிவாக எழுதுங்கள்.