தோலில்லாத உறுமி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கித்தார் கற்கப் போன எந்தப் பையனையும் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று மாதம் 'எஃப்' கார்டு என்ற சுரக்கூட்டைப் பிடித்தே விரல் வீங்கியிருக்கும். எனக்கும் அதே கதைதான். என் வாத்தியார் தாளம் அடிக்கும் வலது கையை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்தக் கடுப்பில்தான் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ரிச்சி ஹேவன்ஸைக் கண்டெடுத்தேன். 1969 ஆகஸ்டு 15 அன்று அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் முதல் ஆளாக மேடையேறியவர். மற்றவர்கள் போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டதால் இவரை இறங்கவே விடவில்லை. பாட்டெல்லாம் தீர்ந்துபோக, கித்தாரை அடித்துக்கொண்டே 'ஃப்ரீடம்' என்ற ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி, தாயற்ற பிள்ளையின் ஏக்கம் சொல்லும் பழைய கறுப்பினப் பாட்டு ஒன்றையும் அதோடு கோத்துவிட்டார்.

பெரியப்பா உறுமிக்காரர். ஒட்டுக்கடையில் உட்கார்ந்து அந்தக் காணொளியைக் காட்டினேன். தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பார்த்தார்.

"இவரு எங்கடா மீட்டுறாரு? அடிக்கிறாரு. தோலு மட்டுந்தான் இல்ல."

"பக்கத்துல ஒருத்தர் கொங்கா மேளம் வாசிக்கிறாரே பெரியப்பா?"

"அவரு இல்லாட்டியும் இவரு நிப்பாரு தம்பி."

விஷயம் சுருதியில் இருக்கிறது. ஹேவன்ஸ் வைத்திருந்தது 'ஓப்பன் டி' என்ற சுருதி. நான்கு கம்பிகளைத் தளர்த்தினால் போதும்: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. விரலே வைக்காமல் அடித்தாலும் முழு கார்டு வரும். மாற்ற வேண்டுமா, கட்டைவிரலைக் கித்தார் கழுத்துக்கு மேலாகப் போட்டு ஒரே அழுத்து. ஐந்தாம் கட்டத்தில் ஜி கார்டு, ஏழில் ஏ கார்டு. இடது கைக்குப் பாதி விடுமுறை. மிச்ச உயிரெல்லாம் வலது கைக்கு.

ஹேவன்ஸுக்கு முதலில் நியூயார்க்கின் புருக்லின் தெருமுனையில் டூ-வாப் என்ற கூட்டுக்குரல் பாட்டு, அப்புறம் கோஸ்பல் என்ற தேவாலயப் பாட்டுக் குழு, அதன்பிறகுதான் கிரீனிச் வில்லேஜ் பேட்டையின் காப்பிக்கடைகளும் அங்கே பாடிய ஃபிரெட் நீலும். வாத்தியமே இல்லாமல் குரலாலேயே தாளம் கட்டிப் பழகியவருக்குக் கித்தார் கடைசியாகத்தான் வந்தது. அந்த வரிசை முக்கியம் என்பது என் கட்சி. சில பாட்டு ஒரே மாதிரி ஒலிக்கும், மைனர் கார்டு இந்தச் சுருதியில் இழுபறிதான். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

நம் பிள்ளைகள் தைப்பூச உறுமியில் வளர்ந்தவர்கள். கித்தார் வாங்கியதும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். "லயத்துல பொறந்தவனுக்கு லயத்த யாருடா சொல்லித் தரணும்?" என்பார் பெரியப்பா. தோட்டத்து லய வீடுகளை இடித்துத் தாமான் என்ற புதுக் குடியிருப்பு கட்டியும் இந்தச் சிலேடையை மட்டும் விடமாட்டார்.

போன வாரம் கம்பிகளைத் தளர்த்திக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு விட்டுப்போனது. பெரியப்பா குச்சியை நிறுத்தவே இல்லை.