செய்னிக்கு இரங்கல் எழுதும் நண்பர்களுக்கு

மகன் புஷ்ஷின் துணை அதிபராக இருந்து 2003 ஈராக் போரை முன்னின்று கொண்டுவந்த டிக் செய்னி இறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கண்ணியமானவர், கொள்கைக்காகச் சொந்தக் கட்சியையே எதிர்த்தவர், அந்தக் காலத்து ரிபப்ளிகன் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். இறந்தவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது நம் வழக்கம்தானே என்று பேசாமல் இருந்தேன். ஆனால் நேற்று நம் தம்பி ஒருவர் போட்ட பதிவையும் அதன் கீழே நடந்த கூத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நியோகான்கள் (ராணுவ பலத்தால் மற்ற நாடுகளில் ஆட்சியை மாற்றலாம் என்று நம்பும் அமெரிக்கக் கூட்டம்) கதை எப்போதோ முடிந்துவிட்டது, டிரம்ப் அவர்களைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டார் என்று எழுதியதோடு நிற்காமல், என்னை டேக் செய்து "அண்ணன் இன்னும் 2003லேயே இருக்கிறார்" என்று ஒரு சிரிப்பு.

யார் கதை தம்பி முடிந்தது? ஒரே ஒருவரைக் காட்டுங்கள்.

பால் வுல்ஃபோவிட்ஸை எடுத்துக்கொள்வோம். ஈராக் போர் நேரத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனில் இரண்டாவது இடத்தில் இருந்தவர். ஈராக்கைக் கட்டுக்குள் வைக்கப் பல லட்சம் படையினர் தேவைப்படும் என்று ராணுவத் தளபதி ஷின்செகி சொன்னபோது, அதெல்லாம் கொஞ்சமும் பொருந்தாத கணக்கு என்று நாடாளுமன்றக் குழுவின் முன் மறுத்தார். ஈராக்கின் எண்ணெய்ப் பணத்திலேயே ஈராக்கைக் கட்டி எழுப்பிவிடலாம் என்றார். இரண்டுமே பொய்த்துப் போயின. 2005இல் அவரை உலக வங்கிக்குத் தலைவராக்கினார்கள். இன்னொரு நியோகான் எலியட் ஆப்ரம்ஸ், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சிப் படைக்குக் கொடுத்த ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் நாடாளுமன்றத்திடம் தகவலை மறைத்ததாக 1991இல் குற்றத்தை ஒப்புக்கொண்டவர். அடுத்த ஆண்டே மூத்த புஷ் மன்னிப்புக் கொடுத்தார். மகன் புஷ் வெள்ளை மாளிகையில் வேலை கொடுத்தார். 2019இல் வெனிசுவேலாவுக்குச் சிறப்புத் தூதராக அவரைப் போட்டது யார்? நியோகான்களைப் புதைத்துவிட்டதாகச் சொல்கிறீர்களே, அதே டிரம்ப்தான். அப்புறம் 2023இல் பைடனும் ஓர் அரசு ஆணையத்துக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்தார்.

டிரம்ப் 2016 தேர்தல் விவாத மேடையில் ஈராக் போர் பெரிய தவறு, பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று பொய் சொன்னார்கள் என்று பேசியபோது நானும் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆட்சிக்கு வந்தபின் நடந்தது என்ன? ஈராக் போரை ஆதரித்த ஜான் போல்டனைத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆக்கினார். விசாரணையில் பொய் சொன்னதாகத் தண்டிக்கப்பட்ட, செய்னியின் வலதுகை ஸ்கூட்டர் லிபிக்கு முழு மன்னிப்பு வழங்கினார். 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ அணுசக்தி மையத்தின் மீது குண்டு போட்ட கையோடு, அங்கே ஆட்சி மாற்றம் ஏன் வரக்கூடாது என்று அவரே எழுதினார். நியோகான் எழுத்தாளர்கள் பில் கிறிஸ்டலும் ராபர்ட் கேகனும் 1997இலிருந்து எழுதியது இதைத்தானே! புதைத்துவிட்டாராம்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். அந்தப் போரைக் கொண்டுவந்ததற்காக அவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. தண்டிக்கப்படாததால்தான் வெளிநாட்டில் ஆட்சியை மாற்றும் அந்த யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. யாருக்குமே தண்டனை இல்லை என்றால் அடுத்து வருகிறவன் ஏன் பயப்படப் போகிறான்?

செய்னி நியோகானே இல்லை, பழைய பாணி தேசியவாதி என்று ஒரு நண்பர் நீளமாக விளக்கியிருந்தார். ட்ராட்ஸ்கியம் என்ற இடதுசாரிக் கொள்கை பேசிய நியூயார்க் இளைஞர்கள், பில் கிறிஸ்டலின் அப்பா அர்விங் கிறிஸ்டல், செனட்டர் ஜாக்சனின் உதவியாளர்கள் என்ற நியோகான் வம்சாவளி எனக்கும் தெரியும். செய்னி அந்த வழியில் வந்தவர் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1997இல் கிறிஸ்டலும் கேகனும் தொடங்கிய 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்ற அமைப்பு வெளியிட்ட கொள்கை அறிக்கையில் அவர் கையெழுத்து இருக்கிறது. பிற்பாடு மகன் புஷ்ஷின் பாதுகாப்பு அமைச்சரான ரம்ஸ்ஃபெல்டு, வுல்ஃபோவிட்ஸ், லிபி எல்லோரும் அதில் இருக்கிறார்கள். சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதில் சந்தேகமே இல்லை என்று 2002 ஆகஸ்டில் மேடையேறிப் பேசியது செய்னி. ஈராக்கியர்கள் எங்களை விடுதலை தந்தவர்களாக வரவேற்பார்கள் என்று போருக்குச் சில நாள் முன்னால் டிவியில் சொன்னதும் செய்னி. எந்தப் பெட்டியில் போட்டால் என்ன?

சதாம் யோக்கியனா என்று கேட்கிறவர்களுக்கு: இல்லை. 1988இல் ஈராக்கின் ஹலாப்ஜாவில் குர்துகளை விஷவாயு வைத்துக் கொன்றவன். ஆனால் அந்த 1988இல் அமெரிக்கா யார் பக்கம் நின்றது? 1983இல் பாக்தாத் போய் அவனோடு கைகுலுக்கியவர் யார்? இதே ரம்ஸ்ஃபெல்டுதான். சதாம் போனதுக்காக நான் அழவில்லை. 2003 மே மாதம், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பிய பிரெமர் ஓர் உத்தரவில் ஈராக் ராணுவத்தைக் கலைத்தார், இன்னோர் உத்தரவில் சதாமின் பாத் கட்சிக்காரர்களை வேலையை விட்டு அனுப்பினார். பதவி உயர்வுக்காகக் கட்சி அட்டை வாங்கிய பள்ளிக்கூட ஆசிரியர்கள்கூட தெருவுக்கு வந்தார்கள். ஆவணங்களில் பதிவானதை மட்டும் கணக்கிட்டாலே சுமார் இரண்டு லட்சம் பொதுமக்கள் செத்திருக்கிறார்கள். சதாமைக் காட்டி இந்தக் கணக்கை மூடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் பக்கம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாம் யூதர்களின் சதி என்று எழுதியவரின் கமென்டை நீக்கிவிட்டேன். செய்னியும் ரம்ஸ்ஃபெல்டும் போல்டனும் யூதர்களா? அந்தப் பேச்சுக்கு என் பக்கத்தில் இடமில்லை.

சரி, 2003க்கு வருகிறேன். ஆமாம், அப்போது நான் குவைத்தில்தான் இருந்தேன். மங்காஃபில் கம்பெனி ரூம். மார்ச்சில் சைரன் அலற ஆரம்பித்ததும் ஜன்னல் இடுக்கெல்லாம் பேக்கிங் டேப் ஒட்டினோம், கதவுக்கடியில் ஈர டவலைத் திணித்தோம். விஷவாயு வந்தால் அது தடுக்குமாம். கம்பெனிக்கு மாஸ்க் வந்தது, மேனேஜர்களுக்கு மட்டும். எங்களுக்கு ஸ்டோரிலிருந்து டேப் ரோல் கொடுத்தார்கள். வந்துடுப்பா என்று அம்மா போனில் அழுகிறார், பாஸ்போர்ட்டோ கம்பெனி பெட்டியில். ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டி, சூக் ஷார்க் மால் பக்கத்தில் ஈராக் ஏவுகணை விழுந்தது. லீவு நாளில் நாங்கள் போய்க் காற்று வாங்கும் கடற்கரை அது. பெரிய உயிர்ச்சேதம் இல்லை. ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு அப்புறம் எங்கள் ரூமில் யாரும் படுக்கவில்லை, காரைக்குடிக்காரர் ஒருவர் விடியும்வரை முருகன் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நாட்களில் ஊர்ப் பக்கம் டிவியில் போரைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓட்டினார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்க அரசியலைப் பற்றிப் பேச நீ யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த டேப் ரோலைக் கையில் வாங்கியவன். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒன்றிலிருந்து வருகிறவன். போதுமா? வாஷிங்டனில் நாலு பேர் கூடி ஒரு நாட்டை மாற்றியமைக்கலாம் என்று முடிவெடுத்தால், கத்தாரிலும் குவைத்திலும் சைரன் கேட்டு ஜன்னலை அடைப்பது நம் பிள்ளைகள்தான்.

2024இல் செய்னி கமலா ஹாரிஸுக்கு ஆதரவு கொடுத்தார், அதைக் கமலாவும் பெருமையாக ஏற்றுக்கொண்டார். டிரம்பை எதிர்த்த ஒரே காரணத்துக்காக அத்தனையும் கழுவப்பட்டுவிட்டது. எனக்கு வலிப்பது அதுதான். டிரம்பை எதிர்ப்பவர் எல்லாம் நல்லவர் என்றால், பாக்தாத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் என்ன சொல்வீர்கள்?

தம்பி, உங்கள் பதிவில் செய்னி பெயருக்கு முன்னால் 'மாமனிதர்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற எதைப் பற்றி வேண்டுமானாலும் விவாதிக்கலாம், நான் இங்கேதான் இருப்பேன்.